ஸ்கேட்டிங் தளமும் அதன் வாசலும்

சென்ற இதழில் வந்த நீண்ட கவிதையைப் பற்றி எழுதுகிறேன். எழுதியவர் என் நண்பர். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பல வருஷங்களாக டீ குடிப்பவர்கள் நாங்கள். நேரிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவும் செய்தேன். "எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம்" என்றார். எழுதிவிட்டேன். அவர் பெயரை இங்கே தவிர்க்கிறேன். பயத்தால் அல்ல. அவர் செய்திருப்பதை நாம் எல்லோரும் செய்துகொண்டிருக்கிறோம் என்பதால்தான்.

கவிதையின் விஷயம், ஒரு கேளிக்கைப் பூங்காவில் இருந்து காணாமல் போய்விட்ட ஸ்கேட்டிங் தளம். சக்கரங்களின் சப்தம், மரத்தரையில் விழும் சாய்ந்த வெயில், கிராமபோன், ஒரு பெண்ணின் ரிப்பன், கடைசியில் வெறும் புல்தரை. நம் வட்டத்தில் கவிதைக்குக் கிடைத்த வரவேற்பு எல்லோருக்கும் தெரியும். நான்கு கடிதங்கள் வந்தன. நான்கிலும் 'இழப்பு' என்ற வார்த்தை இருந்தது. ஒருவர் அதை மனித இருப்பின் நிலையாமை என்று விளக்கினார். இன்னொருவர் காலம் ஒரு வட்டம் என்பதற்குச் சறுக்கும் வட்டம் படிமமாகிறது என்று கண்டுபிடித்தார். இது எந்த ஊர்த் தளம் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "எல்லா ஊரும்தான்" என்றார் நண்பர்.

என் ஆட்சேபணை இந்த 'எல்லா ஊரும்தான்' என்ற பதிலில் ஆரம்பிக்கிறது.

எல்லா ஊரிலும் ஸ்கேட்டிங் தளம் இருந்ததில்லை. எங்கள் ஊரில் இருந்ததில்லை. எங்கள் ஊரில் மலைக்கோட்டை இருந்தது, தோல் ஷாப்புகள் இருந்தன, பூட்டுப் பட்டறைகள் இருந்தன, சுருட்டுக் கம்பெனி இருந்தது. ஸ்கேட்டிங் தளம் இருந்த ஊர்களிலும் எல்லோருக்கும் அது இருந்ததில்லை. மறைந்துபோன ஒன்றுக்காக அழுவதற்கு முன்னால், அது யாருக்கு இருந்தது என்று கேட்பது குறைந்தபட்ச நாணயம். கேட்காமல் அழுதால் அது கவிதை ஆகாது. பிறர் வீட்டுச் சாவில் போய் ஒப்பாரி வைப்பதாகும். எங்கள் பக்கத்தில் அதற்குக் கூலி உண்டு. நம் பத்திரிகைகளில் அதுவும் கிடையாது.

கொஞ்ச காலமாக நம் பக்கங்கள் இப்படி நிறைந்துகொண்டிருக்கின்றன. டிராம் போயிற்று, மூர் மார்க்கெட் எரிந்தது, ரேடியோப் பெட்டி போயிற்று, ஓட்டு வீடு போயிற்று, முற்றம் போயிற்று. போனதெல்லாம் நல்லது என்று ஒரு எழுதப்படாத சட்டம். முற்றத்தில் மழை பெய்ததை எழுதுகிறோம். முற்றம் வரை வர முடியாமல் கொல்லைப்புறமாக வந்துபோனவர்களை எழுதுவதில்லை. ஏக்கம் என்பது மிகச் சௌகரியமான உணர்ச்சி. அதில் எழுதுகிறவன் எப்போதும் நிரபராதி. அவன் குழந்தையாக இருந்தான், உலகம் அழகாக இருந்தது, யாரோ வந்து கெடுத்துவிட்டார்கள். இதைத்தான் நவீன கவிதை என்று அச்சடித்துக்கொண்டிருக்கிறோம். கல்கி செய்தால் கேலி செய்தோம். வரியை உடைத்துப் போட்டால் கைதட்டுகிறோம்.

நண்பர் ஊர் சொல்லவில்லை. நான் ஒரு ஊரைச் சொல்கிறேன்.

ஸ்கேட்டிங் தளத்தின் சரித்திரம் ஒரு கோமாளித்தனத்தில் ஆரம்பிக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் ஜோசப் மெர்லின் என்ற பெல்ஜியக்காரர் லண்டனில் ஒரு முகமூடி விருந்துக்குச் சக்கரம் கட்டிக்கொண்டு, வயலின் வாசித்தபடி வந்தார். சக்கரத்துக்கு நிற்கவும் தெரியாது, திரும்பவும் தெரியாது. பெரிய நிலைக்கண்ணாடி ஒன்றில் மோதி, கண்ணாடியும் வயலினும் உடைந்து, அவரும் காயப்பட்டார். திரும்பத் தெரிந்த சக்கரம் வருவதற்கு ஏறத்தாழ நூறு வருஷம் ஆயிற்று. 1863-ல் நியூயார்க்கில் ஜேம்ஸ் பிளிம்ப்டன் என்பவர் நான்கு சக்கர ஸ்கேட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். உடம்பைச் சாய்த்தால் சக்கரமும் சாய்ந்து வளையும். அதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. 1866-ல் நியூபோர்ட் என்ற கடற்கரை ஊரில் ஒரு ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தையே தளமாக்கினார்.

நம் கவிகள் கவனிக்க வேண்டியது அடுத்த விஷயம். பிளிம்ப்டன் சக்கரத்தை மட்டும் கண்டுபிடிக்கவில்லை. அதோடு வாசலையும் கண்டுபிடித்தார். ஸ்கேட்டுகளை அவர் தாராளமாக விற்கவில்லை. தளங்களுக்கு வாடகைக்குக் கொடுத்தார். யார் தளம் நடத்தலாம், யார் உள்ளே வரலாம் என்பதைத் தன் பிடியில் வைத்துக்கொண்டார். கண்ணியமான குடும்பத்துப் பிள்ளைகளும் பெண்களும் சந்திக்கத் தகுந்த இடம் என்பதே அவருடைய விளம்பரம். அவருடைய காப்புரிமைகள் காலாவதியாகி, தொழிற்சாலைகள் மலிவாக ஸ்கேட் செய்ய ஆரம்பித்து, 1880களில் சக்கரத்துக்குள் பால்ஸ் போட்டு ஓடவிட்ட பிறகுதான் கடைப்பையன்களும் தையல்காரிகளும் உள்ளே வந்தார்கள். அவர்கள் வந்தவுடன் கண்ணியவான்கள் வெளியே போனார்கள். ரசனை கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டுதான் போயிருப்பார்கள். நமக்குப் பழக்கமான வசனம்தானே.

இனி ஊருக்கு வருகிறேன். சிகாகோ. 1905-ல் அதன் தெற்குப் பகுதியில், 63-ஆம் தெருவும் சவுத் பார்க் அவென்யூவும் சந்திக்கும் முனையில், 'ஒயிட் சிட்டி' என்ற கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. 1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியின் வெள்ளைக் கட்டிடங்களுக்கு வழங்கிய பெயர் அது. அதையே பூங்காவுக்கும் வைத்தார்கள். மின்விளக்குக் கோபுரம், ராட்டினங்கள், நடன மண்டபம், ஸ்கேட்டிங் தளம். பலமுறை தீப்பிடித்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நொடித்தது. ராட்டினங்கள் நின்றன, கோபுரம் போயிற்று, ஸ்கேட்டிங் தளம் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

இதற்குள் சுற்றியிருந்த பேட்டை மாறிவிட்டது. தெற்கு மாநிலங்களின் பருத்திக்காடுகளில் இருந்து ரயிலேறி வந்த கறுப்பின மக்கள் சிகாகோவின் தெற்குப் பகுதியில் குடியேறியிருந்தார்கள். ஒயிட் சிட்டியின் மூன்று பக்கமும் அவர்களுடைய வீடுகள்தான் என்று சொல்லும் நிலை. ஆனால் அந்த ஸ்கேட்டிங் தளத்தில் அவர்கள் கால் வைக்க முடியாது. சட்டம் அனுமதித்ததா? இல்லை. இலினாய் மாநிலத்தில் 1885-லேயே கேளிக்கை இடங்களில் நிறபேதம் பார்ப்பது குற்றம் என்று சட்டம் வந்துவிட்டது. அதனால் வாசலில் 'கறுப்பர் கூடாது' என்று எழுதி வைக்கவில்லை. 'இது தனியார் சங்கம், உறுப்பினர்களுக்கு மட்டும்' என்றார்கள். 1942-ல் வெள்ளையரும் கறுப்பரும் கலந்த ஒரு இளைஞர் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. வெள்ளையர்களிடம் உறுப்பினர் அட்டையைக் கேட்காமலே டிக்கெட் கொடுத்தார்கள். கறுப்பர்களிடம் அட்டை எங்கே என்றார்கள்.

இந்தக் காட்சி தமிழனுக்கு விளங்க அடிக்குறிப்பு தேவையில்லை.

சோதித்துப் பார்த்த குழுவின் பெயர் இன சமத்துவக் காங்கிரஸ், சுருக்கமாகக் கோர். ஜேம்ஸ் ஃபார்மர், ஜார்ஜ் ஹவுசர், பெர்னிஸ் ஃபிஷர் போன்றவர்கள் சேர்ந்து 1942-ல் சிகாகோவில் ஆரம்பித்தது. அவர்கள் கையில் பாடநூலைப்போல வைத்திருந்த புத்தகத்தை எழுதியவர் ஒரு இந்தியர். 1930 உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தியோடு நடந்தவர்களில் ஒருவரான கிருஷ்ணலால் ஸ்ரீதராணி. அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர், சத்தியாகிரகம் என்பது என்ன, அதை எந்தப் படிகளில் செய்வது என்று 1939-ல் ஆங்கிலத்தில் எழுதினார். முதலில் விசாரி, பிறகு பேசிப் பார், பிறகு ஊருக்குச் சொல், பிறகு மறியல் செய். கோர் இளைஞர்கள் இந்த வரிசைப்படியே ஸ்கேட்டிங் தளத்துக்குப் போனார்கள். பேச்சுவார்த்தையும் வழக்கும் இழுபட்டன. 1946 ஜனவரியில் வாசலில் மறியல் ஆரம்பித்தார்கள். தட்டிகளைப் பிடித்துக்கொண்டு, சிகாகோவின் ஜனவரிக் குளிரில். தளத்துக்கு வரும் கூட்டம் குறைந்தது. அந்த வருஷமே வாசல் திறந்தது.

அந்த முனையில் இன்று தளம் இல்லை. பூங்கா இருந்த நிலத்தில் 1950களில் பார்க்வே கார்டன்ஸ் என்ற குடியிருப்பு எழும்பிற்று. கறுப்பின மக்களே கூட்டுறவாகச் சொந்தம் கொண்ட குடியிருப்பு. சவுத் பார்க் என்ற தெருப்பெயரும் போய்விட்டது. 1968-ல் இருந்து அதன் பெயர் மார்ட்டின் லூதர் கிங் சாலை.

மறைந்த ஸ்கேட்டிங் தளம் ஒன்றின் சரித்திரம் இது. இதில் புல்தரை உண்டு, இழப்பும் உண்டு. ஆனால் இழந்தது யார், பெற்றது யார் என்று கேட்டால் நண்பரின் கவிதை தலைகீழாகிவிடும். அந்தத் தளம் மறைந்ததற்காக அழுகிறவர் இரண்டு தளங்களில் எதற்காக அழுகிறார் என்று சொல்ல வேண்டும். 1946-க்கு முந்தியதா, பிந்தியதா? இரண்டுக்கும் ஒரே மரத்தரைதான், ஒரே சக்கரச் சப்தம்தான். படிமத்தை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு சிகாகோவைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பீர்கள். இங்கிருந்து மதுரை ரோட்டில் போனால் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் ஆரம்பித்தது. ஒயிட் சிட்டி வாசல் திறந்த அடுத்த வருஷம். 1959 பிப்ரவரியில், இந்தியாவில் பயணம் செய்துகொண்டிருந்த மார்ட்டின் லூதர் கிங்கும் அவர் மனைவி கொரெட்டாவும் அந்தக் காந்திகிராமத்துக்கு வந்தார்கள். இங்கிருந்து திருவனந்தபுரம் போனார்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர், படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் தீண்டத்தகாதவர்கள் என்று வைக்கப்பட்ட குடும்பத்தார், கிங்கை 'அமெரிக்காவில் இருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டத்தகாதவர்' என்று அறிமுகம் செய்தார். முதலில் கிங்குக்குச் சுருக்கென்றது. பிறகு யோசித்து, ஆமாம், நான் அதுதான் என்று தனக்குள் ஒப்புக்கொண்டதாகப் பின்னாளில் பிரசங்கத்தில் சொன்னார். அந்த ஸ்கேட்டிங் தளம் இருந்த தெருவுக்குப் பெயராகப் போகிற மனிதர் நம் செம்மண்ணில் நடந்து போயிருக்கிறார். நம் இலக்கியத்தில் இதற்குச் சுவடு உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை. நாம் அப்போது அந்நியமாதல் பற்றி எழுதத் தயாராகிக்கொண்டிருந்தோம்.

சிகாகோக்காரர்கள் எழுதினார்கள். ஒயிட் சிட்டியில் இருந்து கூப்பிடு தூரத்தில், ரோட்ஸ் அவென்யூவில், வெள்ளையர் பேட்டை என்று பத்திரத்தில் எழுதி வைத்திருந்த இடத்தில் 1937-ல் ஒரு கறுப்பினக் குடும்பம் வீடு வாங்கிற்று. கும்பல் திரண்டது. ஜன்னல் வழியாக எறியப்பட்ட கல் அந்த வீட்டுச் சிறுமியின் தலைக்குப் பக்கத்தில் போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1940-ல் தகப்பனார் ஜெயித்தார். அந்தச் சிறுமி லொரெய்ன் ஹான்ஸ்பெரி. 1959-ல், கிங் காந்திகிராமம் வந்த அதே வருஷம், அவருடைய 'எ ரெய்சின் இன் த சன்' நாடகம் நியூயார்க்கில் மேடையேறிற்று. அதில் முழக்கம் கிடையாது. ஒரு குடும்பம், ஒரு இன்ஷூரன்ஸ் பணம், ஒரு செடி, ஒரு வீடு. ஆனால் அந்த வீட்டு வாசலில் யார் வந்து நிற்கிறார்கள் என்பதை ஆசிரியர் மறக்கவில்லை. அதனால்தான் அது நாடகமாயிற்று.

நண்பரும் அவரை ஆதரிப்பவர்களும் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். கவிதை சமூகவியல் அல்ல. கவிஞன் தாசில்தார் அல்ல, யார் உள்ளே வந்தார் யார் வரவில்லை என்று பதிவேடு எழுத. சரி. நான் பதிவேடு கேட்கவில்லை. கண்ணைத்தான் கேட்கிறேன். நண்பரின் கவிதையில் உள்ள குறை அறத்தில் இல்லை, பார்வையில். அவர் பார்க்கவில்லை. ஆதாரம் என்னிடம் இருக்கிறது. அது கொஞ்சம் சொந்த விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவுக்கு நாகல்நகர்ப் பக்கம் சிறிய பூட்டுப் பட்டறை. மாங்காய்ப் பூட்டும் மணிப்பூட்டும் செய்தார். நான் பத்து வயதாக இருந்தபோது, மலைமேல் உள்ள ஒரு கிளப்பில் இருந்து ஆள் வந்தது. ஊர்ப்பெயரும் கிளப்பின் பெயரும் வேண்டாம். அங்கே ஒரு ஸ்கேட்டிங் தளம். அந்தக் காலத்து இரும்பு ஸ்கேட், இப்போதுபோல பூட்ஸோடு சேர்ந்தது அல்ல. போட்டிருக்கும் ஷூவுக்கு அடியில் வைத்து, இரண்டு பக்கமும் இரும்புக் கவ்விகளை நெருக்கி, திருகாணியை முறுக்க வேண்டும். முறுக்குவதற்கு ஒரு சாவி. சதுரத் துளை உள்ள குட்டிச் சாவி. சாவிகள் தொலைந்துவிட்டன. சீமையில் இருந்து வரவழைத்தால் மாதங்கள் ஆகும். திண்டுக்கல்லில் பூட்டுக்குச் சாவி செய்கிறார்களே, இதைச் செய்ய மாட்டார்களா என்று கேட்டு வந்திருந்தார்கள்.

அப்பா மாதிரிக்கு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு இருபது சாவிகள் செய்தார். அரத்தால் ராவி ராவி, துளையின் நாலு மூலையும் சரியாக வந்திருக்கிறதா என்று விளக்கடியில் பிடித்துப் பார்ப்பார். ஒரு வாரம் ஆயிற்று. பள்ளி விடுமுறை, கொண்டுபோய்க் கொடுக்கும்போது என்னையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். பின்பக்க வழியாகப் போனோம். தளத்தின் ஓரத்தில் பெஞ்சில் வரிசையாகப் பிள்ளைகள் உட்கார்ந்து கால்களை நீட்டியிருந்தார்கள். என் வயசுதான். அப்பா முட்டிபோட்டு ஒவ்வொரு காலாகத் திருகாணி முறுக்கிக்கொண்டே போனார். சாவி பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. பிடித்தது. பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். நான் அந்த மரத்தரையில் ஒரு கால் வைத்தேன். அவ்வளவு வழவழப்பான தரையை நான் பார்த்ததில்லை. "தம்பி, தரை அழுக்காயிடும், வெளியே நில்லு" என்றார் அங்கே இருந்த ஒருவர். கடுமையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அப்பா திரும்பிப் பார்த்து, "வெளியே வாடா" என்றார். நான் வாசலில் நின்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா சந்தோஷமாக இருந்தார். "இருபதுல ஒண்ணுகூட சோடை போகல, பாத்தியா" என்றார். அவருக்கு அவமானம் எதுவும் இல்லை. வேலை சரியாக வந்திருந்தது. எனக்கும் அன்று அவமானம் என்று ஒன்றும் தோன்றவில்லை. ஒரு தடவை ஓடிப் பார்த்திருக்கலாமே என்றுதான் இருந்தது. மாதிரிக்கு வாங்கிய சாவி எங்கள் வீட்டில் ஆணியில் பல வருஷம் தொங்கிற்று. எந்தப் பூட்டுக்கும் ஆகாத சாவி.

இதை அனுதாபத்துக்காக எழுதவில்லை. விமர்சன ரீதியான ஒரு சின்ன விஷயத்துக்காகவே எழுதுகிறேன். நண்பரின் கவிதையில் நாற்பது வரிகள் சக்கரத்தின் ஓட்டத்தைப் பற்றி இருக்கின்றன. சக்கரம் ஓட வேண்டுமானால் முதலில் திருகாணி முறுக்கப்பட வேண்டும். முறுக்கிய கை எங்கே? அது இல்லை. ஏன் இல்லை? கால் நீட்டியவனுக்குக் குனிந்தவன் தெரிவதில்லை என்பதனால். இது சமூகவியல் குறை அல்ல. தச்சனை எழுதும்போது உளியை மறந்தது போன்ற குறை. மேசையை எழுதிய கவிஞன் மேசைக்கு மூன்று கால் என்று எழுதினால் நாம் சும்மா இருப்போமா?

இன்னொரு பக்கத்தில் இருந்து கைதட்டல் கேட்கிறது. முற்போக்கு நண்பர்கள். 'சரியாகச் சொன்னீர்கள், ஸ்கேட்டிங் என்பதே பூர்ஷ்வாக் கேளிக்கை, உழைக்கும் மக்களுக்கு அதனால் என்ன?' என்பார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த மறியல்காரர்கள் 1946-ல் ஜனவரிக் குளிரில் நின்றது ரொட்டிக்காக அல்ல, கூலி உயர்வுக்காக அல்ல. சறுக்கி விளையாடுவதற்காக. ரொட்டிக்குப் பிறகுதான் விளையாட்டு என்று யாராவது அவர்களிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். பேதம் முதலில் நிற்பதே சந்தோஷத்தின் வாசலில்தான். வேலை செய்ய எல்லோரையும் எல்லா இடத்துக்கும் விடுவார்கள். என் அப்பாவை அந்தத் தளத்துக்குள் விட்டார்களே, முட்டிபோட. ஓடத்தான் விடமாட்டார்கள்.

அதே சிகாகோவில் 1919 ஜூலை 27 அன்று யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுப் பையன் ஏரியில் குளித்துக்கொண்டிருந்தான். தண்ணீரில் கோடு கிடையாது. ஆனால் கோடு இருந்தது. அவன் வெள்ளையர் பக்கம் மிதந்து போய்விட்டான் என்று கல்லெறிந்தார்கள். மூழ்கிச் செத்தான். அதில் மூண்ட கலவரத்தில் 38 பேர் செத்தார்கள். எட்டு வருஷம் கழித்து, 1927 மார்ச் 20 அன்று, மஹாடில் அம்பேத்கர் ஒரு குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். ஏரியும் குளமும் ஸ்கேட்டிங் தளமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. நம் அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. கடைகள், ஓட்டல்கள், குளங்கள், கிணறுகள், சாலைகள் என்ற வரிசையில் 'பொதுக் கேளிக்கை இடங்கள்' என்பதையும் அவர்கள் மறக்காமல் சேர்த்தார்கள். அமெரிக்காவின் தேசியச் சட்டம் அதை நிலைக்கும்படி சொல்ல 1964 ஆயிற்று. நாம் 1950-லேயே சொல்லிவிட்டோம். சொல்லிவிட்டு டீக்கடையில் இரண்டு வகைத் தம்ளர் வைத்துக்கொண்டோம். அங்கேயும் சட்டம் வந்த பிறகு ஸ்கேட்டிங் தளங்களில் 'சோல் நைட்' என்று கறுப்பர்களுக்குத் தனி இரவு ஒதுக்கினார்கள். வாசல் தன் பெயரை மாற்றிக்கொள்ளும், சுலபத்தில் சாகாது.

ஆகவே தளத்தை வெறுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அதன் உண்மையான அழகு எங்கே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. 1963 ஆகஸ்டில் லெட்ஜர் ஸ்மித் என்ற கறுப்பின ஸ்கேட்டிங்காரர் சிகாகோவில் இருந்து புறப்பட்டார். கிங் பேசப்போகும் வாஷிங்டன் பேரணிக்கு. காரில் அல்ல, ரயிலில் அல்ல, காலில் கட்டிய சக்கரத்தில். 'விடுதலை' என்று எழுதிய பட்டையை மார்பில் போட்டுக்கொண்டு, சுமார் 685 மைல், பத்து நாள். வழியில் ஒருவன் காரை ஏற்றப் பார்த்தான். போய்ச் சேர்ந்தார். இங்கே மசூரியில், வெள்ளைக்காரர்கள் தங்களுக்காக மரத்தரை போட்டுக் கட்டிய 'ரிங்க்' ஒன்று இருந்தது. நாடகமும் நடனமும் சறுக்கலுமாக இருந்த இடம். சுதந்திரத்துக்குப் பிறகு மலையூர்ப் பையன்கள் அந்த ஊரின் தளங்களில் புகுந்தார்கள், கற்றுக்கொண்டார்கள். 1975-ல் அவர்களில் ஐந்து பேர் இரும்புச் சக்கரத்தோடு தார் ரோட்டில் டெல்லி வரை சறுக்கிக்கொண்டே போனார்கள். சாஹிப்புகள் வட்டம் சுற்றிக்கொண்டிருந்த சக்கரம், வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு வந்ததும் வட்டத்தை விட்டுவிட்டு நேராகச் சாலைக்கு வந்துவிட்டது.

நண்பரே, காலம் ஒரு வட்டம் என்பதற்குப் படிமமாக உங்கள் ஸ்கேட்டிங் தளத்தை வாசகர் கடிதம் பாராட்டியது. வட்டம் சுற்றுவது உள்ளே அனுமதிக்கப்பட்டவனின் காலம். வெளியே நிற்கிறவனுக்குக் காலம் வட்டம் அல்ல. அது ஒரு கதவு. மூடியிருக்கும், அல்லது திறந்திருக்கும். இந்த வித்தியாசத்தை உணராத நவீனத்துவம் நவீனமானதே அல்ல. ஜமீன்தார் வீட்டு ஆல்பத்துக்குப் புதிய அட்டை போட்டது மட்டும்தான்.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. முழக்கம் வேண்டாம், தீர்வு வேண்டாம், பாத்திரங்களுக்குச் சிவப்புச் சட்டை போட வேண்டாம். மறைந்துபோன ஒன்றை அடுத்த முறை எழுதும்போது ஊர்ப்பெயரை எழுதுங்கள். வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதுங்கள். உள்ளே நீங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது வாசலில் யார் நின்றார்கள் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். யாரும் நிற்கவில்லை என்று ஞாபகம் சொன்னால், அந்த ஞாபகத்தை நம்பாதீர்கள். நின்றிருப்பார்கள்.

இந்தக் கட்டுரையைக் கையெழுத்துப் பிரதியிலேயே நண்பரிடம் காட்டினேன். டீ ஆறும்வரை படித்தார். "சாவியைப் பற்றி நீங்கள் என்னிடம் சொன்னதே இல்லையே" என்றார். நீங்கள் கேட்டதே இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அது இப்போது எங்கே என்று கேட்டார். தெரியவில்லை. வீடு மாற்றும்போது ஆணியோடு போயிருக்கும்.